காப்பீட்டு அட்டையை நீட்டியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

மலைக்கோட்டையான், திருச்சி:

காப்பீட்டு அட்டையைக் காட்டினால் கைக்காசு இல்லாமல் சிகிச்சை, அதற்குக் காப்பீட்டுத் தரப்பின் முன் அனுமதி, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் போகும் பேக்கேஜ் தொகை, இவைதான் ஏற்பாடு. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். தனியார் மருத்துவமனைதான், ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் உள்ளது. வாசலிலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, "கார்டு ஆக்டிவ்வாதான் இருக்கு சார், அப்ரூவல் வந்துடும்" என்றார். அப்புறம் மேசை டிராயரிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பேனாவால் 65,000 என்று எழுதி என் பக்கம் தள்ளினார். "இது தனி. ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டிடணும்."

அந்த மருத்துவமனையில் பஞ்சு, ஊசி வரை கணினி பில்தான். இந்தத் தொகை மட்டும் பெயரோ தேதியோ முத்திரையோ இல்லாத காகிதத்தில். ரசீது கேட்டேன். "இதுக்கு ரசீது வராது" என்று சொல்லி, நான் படித்து முடித்ததும் சீட்டைத் திரும்ப வாங்கி என் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையெழுத்து வாங்கிய படிவத்தில், "சிகிச்சைக்கு என்னிடம் எந்தக் கட்டணமும் வசூலிக்கப்படவில்லை" என்று அச்சடித்திருந்தது.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று டெல்லியிலும் சொல்கிறார்கள், சென்னையிலும் சொல்கிறார்கள். அந்தப் பணம் நோயாளியின் கட்டில் வரை வந்து சேரும் வழியில் யார் யார் நிற்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பேசுவதில்லை.

நொய்யல்கரை, கோவை:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. 2024 அக்டோபர் 29 அன்று பிரதமர் அறிவித்தாரே, மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தில் 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது, எல்லோருக்கும் 5 லட்சம் என்று. அதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அம்மாவுக்கு நம்பிக்கை. இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சையை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். சில வாரம் கழித்து ஆதாரை எடுத்துக்கொண்டு காப்பீட்டுக் கவுண்டருக்குப் போனோம். "அது சென்ட்ரல் கவர்மென்ட் அறிவிச்சது, எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரலை" என்றார் அங்கிருந்தவர். ஸ்டேட் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்றால், "உங்க வீட்டு வருமானம் 1,20,000-க்கு மேல, அதுல வராது."

அம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பையில் அந்த அறிவிப்பு வந்த செய்தித்தாளைக் கத்தரித்து நான்காக மடித்து வைத்திருந்தார், எனக்கே தெரியாது. அதைப் பிரித்துக் கவுண்டர் மேல் வைத்து விரலால் நீவிவிட்டு, "இதுல போட்டிருக்கே தம்பி" என்றார். அந்தப் பையன் பாவம், மரியாதையாகத்தான் பதில் சொன்னான். அவன் தலைக்கு மேல் சுவரில் பிரதமர் படம் போட்ட பலகை ஒன்று, முதலமைச்சர் படம் போட்ட பலகை ஒன்று. இரண்டிலும் 5 லட்சம். அறிவிக்கிற அன்றைக்கே கவுண்டர்களுக்கு எழுத்தில் உத்தரவு போகாது என்றால், அதை எந்தத் தைரியத்தில் டிவியில் சொல்கிறார்கள்?

இரவுப்பணி, அரசு செவிலியர்:

முதல் பதிவு போட்ட சகோதரருக்கு. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் திட்டத்தையே குறை சொல்லும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். பைக்கில் லாரி மோதி ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், 108-இல். பின்னாலேயே அவன் அம்மா ஓடிவந்தார். நான் ஐ.வி. லைன் போட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த அம்மா ஒரு காது கம்மலைக் கழற்றி என் உள்ளங்கையில் திணித்துவிட்டு, அடுத்த காதைத் திருகிக்கொண்டிருக்கிறார். கழற வரவில்லை, காது சிவந்துவிட்டது. "காசு வேண்டாம்மா, 48 மணி நேரம் கவர்மென்ட் பாத்துக்கும்" என்று சொன்னால் அவர் நம்பவே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அது 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற மாநில அரசுத் திட்டம். 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், அட்டை உண்டா என்று எதுவும் கேட்பதில்லை. அரசு மருத்துவமனையிலும் அட்டை செல்லும், அப்படிக் காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வரும் தொகையில்தான் எங்கள் வார்டுக்கே சில கருவிகள் வந்தன. பிறகு ஏன் எல்லோரும் தனியாருக்கு ஓடுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மலைக்கோட்டையான்:

அக்கா, முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் வரிசை இருக்கிறது, காத்திருக்க வேண்டும் என்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை எத்தனை நாள் காத்திருக்கச் சொல்வது? நான் திட்டத்தைத் திட்டவில்லை. கண்காணிக்க ஆள் இல்லாமல் திட்டம் போடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கொத்தனார் மகன், விருதுநகர்:

செவிலியர் அக்கா, 48 மணி நேரம் முடிந்ததும் என்ன என்பதையும் எழுதுங்கள். என் சித்தப்பா பையனுக்குத் தலையில் அடி, தனியாரில் இருந்தான். நேரம் முடியப்போகிறது, அட்டை இல்லை, ஒன்று பணம் கட்டுங்கள், இல்லை ஜி.ஹெச்.க்கு மாற்றுங்கள் என்றார்கள். ஜி.ஹெச்.இல் வென்டிலேட்டர் படுக்கை காலியாகும் வரை நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் எழுத வந்தது அப்பாவைப் பற்றி. ஆயுள் முழுக்கச் சிமென்ட் கலவையில் கை வைத்தவர். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அட்டை பதியப் போன இடத்தில் ரேகை விழவே இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை. ஈரத்துணியில் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி, மறுபடியும் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் சிவப்புக் குறி. ஓ.டி.பி. போடலாம் என்றால் ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்துபோன சிம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வா போலாம்" என்றார். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி அன்று அவர் முகம் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதே ஆயுஷ்மான் பாரத்தில் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணில் கிட்டத்தட்ட ஏழரை லட்சம் பேர் பதிவாகியிருந்தார்கள். நான் சொல்லவில்லை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை, 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைத்தது. இறந்துவிட்டதாகக் குறித்த நோயாளிகள் பெயரில் மறுபடியும் சிகிச்சைத் தொகை போயிருக்கிறது என்றும் அதில் இருக்கிறது. இல்லாத எண்ணுக்குப் பதிவு கிடைக்கிறது, உயிரோடு எதிரில் நிற்கிற கொத்தனாருக்குக் கிடைக்கவில்லை.

இரவுப்பணி, அரசு செவிலியர்:

தம்பி, அப்பாவுக்கு நடந்தது மிகவும் வருத்தம். ஆனால் அந்த எண் விஷயத்தில் அரசு விளக்கம் கொடுத்தது. பயனாளியை அடையாளம் காண்பது ஆதாரை வைத்துத்தான், கைப்பேசி எண் தொடர்பு கொள்வதற்கு மட்டும் என்றார்கள். எண் இல்லாதவர்களுக்கு எதையாவது நிரப்பியிருப்பார்கள். ஏழரை லட்சம் பேரும் போலி என்று அதற்குப் பொருள் இல்லை.

கொத்தனார் மகன்:

போலி என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு எதையாவது நிரப்ப முடிந்தது, எங்களுக்கு ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன்.

சேலத்துக்காரன்:

என் அனுபவம் சின்னது. மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை, அட்டையில் நடந்தது, ஒரு பைசா வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்றால் நான் முன்கூட்டியே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு போனேன். அதனால் இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். நோய் வந்த பிறகு அட்டைக்கு ஓடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் மூலம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நல்ல நாளிலேயே போய்ப் பதிந்துவிடுங்கள். ஆதாரில் இப்போது கையில் இருக்கும் எண்ணைச் சேருங்கள். ரேகை விழவில்லை என்றால் கருவிழிப் பதிவு கேளுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்து, மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் நோய்க்கான பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எலும்புக்கு அனுமதி இருக்கும், இதயத்துக்கு இருக்காது. பலகையில் அதைப் போட மாட்டார்கள். முன் அனுமதி வந்ததா, எவ்வளவு தொகைக்கு வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே நின்று 104-க்குப் போன் போடுங்கள், மத்திய திட்டம் என்றால் 14555. ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அப்புறம், முடிந்தவர்கள் சொந்தமாக ஒரு பாலிசியும் எடுத்து வைப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் அந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை போட நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது, ஆகவே முப்பது வயதிலேயே எடுத்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள், மறைத்தால் பிறகு க்ளெய்ம் கிடைக்காது.

நொய்யல்கரை:

நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் என் அம்மாவுக்கு வயது 72. முப்பது வயதில் எடுத்திருக்க வேண்டும் என்று அவரிடம் இப்போது போய் என்ன சொல்வது? நான் வழி கேட்டு இங்கே எழுதவில்லை.

பழைய மிராசு, தஞ்சாவூர்:

சேலத்துத் தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் இத்தனையும் தெரிந்தவனுக்குத்தான் இலவசச் சிகிச்சை என்றால் அது யாருக்கான திட்டம்?

என் பீரோவில் அட்டைகள் வரிசையாக இருக்கின்றன. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறியதும் அது நின்று, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், புது அட்டை. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் ஆயுஷ்மான் பாரத்தைத் தொடங்கிவைத்தார், அதையும் இதோடு இணைத்தார்கள். மத்திய அரசின் பட்டியலில் வரும் குடும்பங்களுக்கு 60 பங்கு அவர்கள், 40 பங்கு நாம். மற்ற குடும்பங்களுக்கு மாநிலமே முழுதும் கொடுக்கிறது. யார் பெயர், யார் படம் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. அதே சண்டையில் டெல்லியும் ஒடிசாவும் 2025 வரை திட்டத்துக்குள் வரவில்லை, ஆட்சி மாறிய பிறகுதான் வந்தன. நடுவில் போன வருஷங்களில் அங்கே நோய்வாய்ப்பட்டவனுக்கு இந்த அரசியலோடு என்ன சம்பந்தம்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். படுக்கையில் சேர்ந்தால் 5 லட்சம் தரும் அட்டை, தினமும் போடும் மாத்திரைக்கு ஒரு ரூபாய் தராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறேன். ஒருமுறை இன்சுலின் தீர்ந்துவிட்டது. மருந்தாளுநர் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார், தட்டு காலி. "அடுத்த லோடு வரட்டும் ஐயா, அதுவரைக்கும் வெளிய வாங்கிக்கங்க" என்றார். எனக்கு வாங்க வசதி இருந்தது. பின்னால் நின்ற பெண் வாங்க வழியில்லாமல் அப்படியே திரும்பிப் போனாள். இன்சுலின் இல்லாமல் கால் புண்ணாகி விரலை எடுக்கும் நிலைக்கு அவள் வந்தால், அப்போது காப்பீடு பணம் கொடுக்கும்.

மருந்து வாங்குவதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி, மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மருத்துவமனைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, அதையும் நான் பாராட்டுகிறேன். அந்தப் பக்கம் பணத்தைப் போட வேண்டும். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் 2025-க்குள் அரசுகளின் மருத்துவச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டரை விழுக்காடு ஆகும் என்று எழுதினார்கள். 2021-22 கணக்கில், அதுவும் கொரோனா காலத்தில், 1.84 தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் கைக்காசு. தேர்தல் மேடையில் இந்தக் கணக்கை எந்தக் கட்சியும் எடுப்பதில்லை, அட்டையைத்தான் எடுக்கிறார்கள்.

இரவுப்பணி, அரசு செவிலியர்:

ஐயா சொன்ன இன்சுலின் விஷயம் உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மருந்து இருந்தாலும் கொடுக்க ஆள் வேண்டும். என் வார்டில் இரவில் எத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்று இங்கே எழுதினால் எனக்குப் பிரச்சினை வரும். ஒப்பந்தத்தில் சேர்ந்த பிள்ளைகள் நிரந்தரமாவோமா என்று ஆட்சிக்கு ஆட்சி காத்திருக்கிறார்கள்.

கொத்தனார் மகன்:

கருவிழிப் பதிவு பற்றிச் சொன்னவருக்கு: கேட்டுவிட்டேன். மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அப்பா இனி வர மாட்டேன் என்கிறார்.

மலைக்கோட்டையான்:

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்திருந்தேன். மருத்துவமனையிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "நோயாளியின் மகனே கட்டணம் எதுவும் வாங்கவில்லை என்று கையெழுத்திட்டுள்ளார்" என்று நகலோடு பதில் வந்திருக்கிறது. 65,000-க்கு என்னிடம் இருப்பது அடகுக் கடை ரசீது மட்டும்தான், அதில் சங்கிலியின் எடை இருக்கிறது, தேதி இருக்கிறது, எதற்காக வைத்தோம் என்று இல்லை. அதே மருத்துவமனையில் இப்படிக் கட்டியவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்து மனு போடலாம். பெயரை இங்கே பொதுவில் எழுத வேண்டாம்.