கூடங்குளம் வேலை முடியாமல் நின்ற நாட்கள்: நீங்கள் நேரில் கண்டது, கேட்டது

2012 தொடக்கத்தில் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தேன். நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. டீசல் போட்டு ஜெனரேட்டர் ஓட்டினால் கூலிக்கே கட்டாது. இதற்கெல்லாம் கூடங்குளம் அணுமின் நிலையம் வேண்டாம் என்று போராடும் இடிந்தகரைக்காரர்கள்தான் காரணம் என்று டீக்கடையில் அடித்துப் பேசிய ஆள் நான். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அந்த ஊருக்குப் போனேன்.

லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல். பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போடும் நினைப்பில்தான் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "எங்களுக்கெல்லாம் கரண்ட் வேண்டாமா?" அவர் கை நிற்கவில்லை. "வேணும்யா. சுனாமி அன்னைக்கு மேட்டைப் பாத்து ஓடுனோம். இது வெடிச்சா எதப் பாத்து ஓட? கேட்டா பயப்படாதீங்கன்னுதான் சொல்லுதாவ, வழியச் சொல்ல மாட்டேங்காவ."

பதில் இல்லாமல் திரும்பினேன். ஜெனரேட்டர் செலவு மட்டும் அப்படியேதான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

*

நான் கூடங்குளத்துக்காரன். அப்பா உள்ளே கம்பி கட்டும் வேலைக்குப் போனவர். 2011-இல் முதல் உலையில் சோதனை ஓட்டம் நடந்தது. யுரேனியம் இல்லாத போலி எரிபொருள்தான். ஆனால் நீராவியைத் திறந்துவிட்ட சத்தம் ஊரையே உலுக்கியது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் டிவியில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைப் பார்த்திருந்தோம். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா" என்று அப்பா எவ்வளவோ சொன்னார். "ஒண்ணுமில்லாததுக்கே இந்தச் சத்தமால?" என்றாள் ஆச்சி. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

*

முதலில் எழுதிய நண்பருக்காக இது. ரயிலில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். உலை உருகினாலும் அந்த எரிபொருள் குழம்பைத் தாங்க அடியில் தனித்தொட்டி இருக்கிறது, மின்சாரம் போனாலும் காற்றோட்டத்தாலேயே வெப்பம் தணியும் என்று படம் வரைந்து விளக்கினார். நல்ல மனிதர். எனக்கும் பாதி பயம் போனது. அப்புறம் காசுக்கு வந்தோம். முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் என்று தொடங்கி 22,462 கோடி வரை ஏறியதே என்றேன். "எல்லாம் போராட்டத்தால் வந்த தாமதம்" என்றார்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், விடவில்லை. கட்டுமானம் தொடங்கியது 2002. முதல் உலை முடிந்திருக்க வேண்டியது 2007 டிசம்பர். தொடர் போராட்டம் பெரிதானது 2011 ஆகஸ்டில். இடையில் மூன்றரை வருஷத்துக்கும் மேல் போனதே, அதை எந்தப் பந்தல் தடுத்தது? அதோடு, விபத்து நடந்தால் நிலையத்தை நடத்துபவர் தலையில் விழும் இழப்பீட்டுக்கு 2010 சட்டம் வைத்த உச்சவரம்பே 1,500 கோடிதானே?

"தேதியெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, மேல் பர்த்தில் ஏறிப் படுத்துவிட்டார்.