சீசன் பாஸ் வாங்கினா காசு தேறுமா? நம்ம வேலூர்ப் பக்கத்து ஆளுங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட்

தீபாவளி தள்ளுபடி வருதுன்னாலே எனக்கு இதே குழப்பம்தான். கேம் மட்டும் வாங்கறதா, கூடவே, பின்னாடி வர்ற கூடுதல் பகுதிகளுக்கு (எக்ஸ்பான்ஷன், டிஎல்சின்னு சொல்றது அதைத்தான்) மொத்தமா காசு வாங்கிக்கிட்டு சீசன் பாஸ், எக்ஸ்பான்ஷன் பாஸ்னு விக்கறாங்களே, அதையும் சேர்த்து வாங்கறதா? யூடியூப்ல பார்த்ததை எழுத வேணாம். உங்க காசோ, உங்க பக்கத்துல இருந்தவன் காசோ போன கதையா இருக்கட்டும்.

நான் பார்த்ததை முதல்ல சொல்றேன். 2015 மே மாசம் விட்சர் 3 வந்தப்போ என் ரூம்மேட் எக்ஸ்பான்ஷன் பாஸையும் சேர்த்தே வாங்கினான். 24.99 டாலர். பிசி கேம் விக்கற ஆன்லைன் கடை ஸ்டீம்ல ரூபாய் விலை அந்த வருஷம் நவம்பர்லதான் வந்துச்சு, அதனால டாலர் கணக்கு, மேல கார்டு கமிஷன் வேற. முதல் எக்ஸ்பான்ஷன் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' அக்டோபர்ல வந்துச்சு. ரெண்டாவது, 'பிளட் அண்ட் வைன்', அடுத்த வருஷம் மே கடைசியில. அதுக்குள்ள அவன் மெயின் கதையை முடிச்சு, இடம் பத்தலைன்னு கேமை அழிச்சு, ஓசூருக்கு வேலை மாறியும் போயிட்டான். நான் 2016 ஆகஸ்ட்ல எல்லாம் சேர்ந்த பதிப்பு வந்தப்புறம், அதுக்கும் ஒரு தள்ளுபடி வரட்டும்னு இருந்து வாங்கினேன்.

சரக்கு சுத்தமான சரக்கு, அதுல சந்தேகமே இல்ல. அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல சிறந்த ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி ஆடற கதை கேம்) விருதையே 'பிளட் அண்ட் வைன்' தட்டிக்கிட்டு போச்சு, முழு கேமுங்களோட போட்டி போட்டு. ஆனா ஒரு வருஷம் முன்னாடியே பணம் கட்டினவனுக்கு என்ன லாபம்? அதான் எனக்கு இன்னும் விளங்கலை.

சத்துவாச்சாரி பார்லர்

நமக்கு இது தொழில்பா. ப்ளேஸ்டேஷன் பார்லர் வெச்சினு கீறேன், மணிக்கணக்கு வாடகை. வீட்ல ஆடறவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற.

கதை கேமுக்கு எக்ஸ்பான்ஷன் வாங்கிப் போட்டா நம்ம கடையில ஒருத்தன் தொட மாட்டான். பையன் வர்றது ஒரு மணி நேரம். அதுல கதையை எங்க முடிக்கிறது? இவன் சேவ் பண்ணி வெச்சதை அடுத்த பையன் வந்து மேலேயே அழிச்சுட்டுப் போவான். ஃபுட்பால் கேமுக்கோ பாஸே தேவையில்ல, வருஷா வருஷம் முழு கேமையே மறுபடி வாங்க வெக்கிறாங்களே, அதைவிட பெரிய பாஸ் எது?

ஆனா சண்டை கேம்னு வந்தா கதை மாறிடும். மோர்டல் கோம்பாட் 11 போட்டப்போ உள்ள நுழையற பையன் முதல்ல கேக்கறதே, "ணா, ஜோக்கர் கீறானா?" ஜோக்கர், டெர்மினேட்டர், ஸ்பான், மூணு பேருமே காசு கட்டற பேக்ல வர்றவங்க. இல்லன்னு சொன்னா பக்கத்துத் தெரு பார்லருக்குப் போயிடுவான். டெக்கன் 7லயும் அதே பாடு. டெக்கன் 3 ஆடி வளர்ந்த ஆளுங்க, இப்ப தொந்தி வெச்சு குழந்தை குட்டியோட வர்றவங்க, "லெய் எங்கப்பா, அன்னா எங்க?"ன்னு லிஸ்ட்ல தேடுவாங்க. அவங்க ரெண்டு பேரும் 2018ல ரெண்டாவது சீசன் பாஸ்லதான் வந்தாங்க. போட்டேன். தனித்தனி ஆளா வாங்கறதைவிட பாஸ் மலிவு, அதுவும் தள்ளுபடியில. ஒரு அக்கவுன்ட்ல வாங்கி அந்த மெஷினை அதுக்கு முதன்மை மெஷினா வெச்சுட்டா எந்தப் பையன் ஐடியில ஆடினாலும் ஆளுங்க வந்துடுவாங்க. போட்ட காசு சனி ஞாயிறுலயே திரும்பிடுச்சு.

குடியாத்தம்

வாங்கின கேமே பாதி பிரிக்காம கெடக்குது. இதுல பாஸ் வேறயா? நல்லா சொன்னீங்க.

ஆம்பூர் பிஎஸ்4

ஒருத்தரும் சொல்லாத விஷயம் ஒன்னு இருக்கு, டிஸ்க் வாங்கறவங்க கவனிங்க. எங்க ஊர்ல தோல் வியாபாரத்துக்காக வெளிநாடு போய் வர்றவங்க இல்லாத தெரு கிடையாது. சித்தப்பா ஒரு தடவை அமெரிக்காவிலேர்ந்து ஃபால்அவுட் 4 டிஸ்க் கொண்டாந்தார். கேம் நல்லாவே ஓடுச்சு. தள்ளுபடியில அதோட சீசன் பாஸ் பார்த்ததும் தம்பி வாங்கலாம்னு குதிச்சான். நான்தான் நிறுத்தி டிஸ்க் பெட்டியோட முதுகுல இருக்கற சியுஎஸ்ஏ நம்பரை, அதாவது அந்தப் பதிப்போட அடையாள நம்பரை, பார்க்கச் சொன்னேன். பிஎஸ்4ல டிஸ்க் எந்த மண்டலத்துதோ, டிஎல்சியும் அதே மண்டலத்து ஸ்டோர்லதான் வாங்கணும். அமெரிக்க டிஸ்க்குக்கு நம்ம இந்திய ஐடியில வாங்கின பாஸ் ஒட்டவே ஒட்டாது. டவுன்லோட் ஆகும், உள்ள போனா ஒன்னும் இருக்காது. துபாய், சிங்கப்பூர்னு எங்கேர்ந்து டிஸ்க் வந்தாலும் முதல்ல நம்பரை ஒப்பிட்டுப் பாருங்க.

காட்பாடி மாடி ரூம்

எங்க ரூம்ல எல்டன் ரிங் பைத்தியம் ஒருத்தன் இருக்கான். 2024 ஜூன் 21ல 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' வந்த அன்னைக்கே வாங்கினான். 39.99 டாலர்னு அறிவிச்ச எக்ஸ்பான்ஷன், ரூபாய்ல கொஞ்சம் குறைச்சு இருந்துச்சு. அதுக்குள்ள போகணும்னா மெயின் கேம்ல ரடான், மோக்னு ரெண்டு பெரிய எதிரிங்களையும் அடிச்சிருக்கணும். இவன் மோக் இருக்கற பக்கமே போனதில்ல. அப்புறம் என்ன, எதிர் ரூம் சீனியர், கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் பையன்னு ஆளுக்கு ஒரு தடவை கன்ட்ரோலரைப் பிடிச்சு மோக்கிட்ட செத்தாங்க.

இதுல ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. ஸ்டீம்ல டிஎல்சிக்கு ரீஃபண்ட் உண்டு: 14 நாளுக்குள்ள கேட்கணும், வாங்கினப்புறம் மெயின் கேமை 2 மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருக்கணும். மோக்கிட்ட செத்த நேரமெல்லாம் அந்த 2 மணியில சேரும். எக்ஸ்பான்ஷன் வாசலைப் பார்க்கறதுக்குள்ளயே ரீஃபண்ட் போயிடும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க சேவ் எங்க நிக்குதுன்னு பாருங்க ப்ரோ.

இன்னொன்னு. 2024 நவம்பர்ல சீசன் பாஸுக்கு ஸ்டீம் விதி போட்டுட்டாங்க. பாஸ்ல என்னென்ன வரும், எப்ப வரும்னு முன்னாடியே எழுதணும். தேதியை ஒரு தடவை தள்ளலாம், அதுவும் 3 மாசத்துக்குள்ள. வராத பகுதியைக் கைவிட்டா அதுக்கான காசைத் திருப்பித் தரணும். பழைய நாள்ல 'அருமையான விஷயங்கள் வரும்'னு மொட்டையா எழுதி விப்பாங்க.

ஆற்காடு

ராணிப்பேட்டை அண்ணன் கேட்டதுக்கு ஒரு எதிர் உதாரணம், அதுவும் ஆம்பூர்க்காரர் சொன்ன அதே ஃபால்அவுட் 4. அதோட சீசன் பாஸ் முதல்ல 30 டாலர். 2016 மார்ச்ல 50 ஆக்கிட்டாங்க, நிறைய சேர்க்கப் போறோம்னு. முன்னாடி வாங்கினவங்களுக்கு பழைய விலையிலேயே எல்லாம் கிடைச்சுது. முன்கூட்டியே கட்டி ஜெயிச்ச கேஸ் இது ஒன்னுதான் எனக்குத் தெரியும். அதுலயும் ஆறு டிஎல்சியில மூணு, வீடு கட்டற சாமான்தான். 'ஃபார் ஹார்பர்', 'நியூகா வேர்ல்டு' ரெண்டுக்காகத்தான் வாங்கணும்.

வயித்தெரிச்சல் கேஸ் டெஸ்டினி 2ங்கற ஆன்லைன் கேம். அதுக்கு எக்ஸ்பான்ஷன் பாஸ்னே பேர் வெச்சு வித்தாங்க, 'கர்ஸ் ஆஃப் ஒசைரிஸ்', 'வார்மைண்ட்' ரெண்டும் அதுல. 2020 நவம்பர்ல அந்த ரெண்டு கதையையும் கேமிலிருந்தே தூக்கிட்டாங்க, பெட்டகத்துல வெச்சிருக்கோம்னு சொல்லி. காசு கொடுத்தவனும் ஆட முடியாது, புதுசா வர்றவனும் ஆட முடியாது. ஆன்லைன் கேமுக்குப் பாஸ் வாங்கறது குத்தகைதான், சொந்தம் இல்ல. என் முடிவு இது, யாராவது மறுத்தா கேட்டுக்கறேன்.

தொரப்பாடி அம்மா

தம்பிங்களா, நான் கேம் ஆடறவ இல்ல, பிள்ளைங்களைச் சமாளிக்கறவ. ஆனா எங்க வீட்டு அனுபவம் உங்களுக்கெல்லாம் நேர் எதிர்.

என் தங்கச்சி சிங்கப்பூர்லேர்ந்து நின்டென்டோ ஸ்விட்ச்ங்கற கேம் மெஷின் கொண்டு வந்தா, மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கற கார் ரேஸ் கேமோட. அக்னி நட்சத்திரத்துல வேலூர் வெயில் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தியானம் ஒரு பிள்ளையை வாசப்படி தாண்ட விட முடியாது. நாத்தனார் பிள்ளைங்களும் லீவுக்கு வந்துட்டா வீடு ரணகளம். பழைய ட்ராக் எல்லாம் சலிச்சுப் போய், யார் எங்க திரும்புவாங்கன்னு கண்ணை மூடிட்டே சொல்ற நிலைமை. அப்பதான் தங்கச்சி பூஸ்டர் கோர்ஸ் பாஸ் வாங்கிப் போட்டா. 2022 மார்ச்லேர்ந்து 2023 நவம்பர் வரைக்கும் எட்டு எட்டா ஆறு தடவை விட்டாங்களாம், மொத்தம் 48 ட்ராக். முன்ன இருந்ததும் 48, அப்ப கேம் அப்படியே ரெண்டு மடங்கு. நாங்க வாங்கினது ஆறும் வந்து முடிஞ்சப்புறம்.

ஒரு மெஷின், ஒரு பாஸ், நாலு பிள்ளைங்க ஒரே டிவியில. கரன்ட் போனா மெஷினைக் கையில எடுத்துக்கும், சுத்தி தலை தலையா உட்கார்ந்து அப்பவும் ஆடும். புது ட்ராக்ல சிங்கப்பூர் ஒன்னு வருது, அது வந்தாலே சின்னது "சித்தி ஊரு, சித்தி ஊரு"ன்னு கத்தி சுவத்துல இடிச்சுக் கடைசியா வரும். புதுக் கேம் வாங்கியிருந்தா விலையும் கூட, பெரியவன் மட்டும்தான் கத்துக்கிட்டு ஆடுவான். இது நாலுக்கும் தெரிஞ்ச கேம், புதுசா இடம் மட்டும்தானே. எனக்குக் காசு தேறுச்சு.

ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட்

அக்கா, நீங்க சொன்னதுல எனக்கு ஒன்னு பிடிபட்டுது. ஆடிக்கிட்டே இருக்கற கேமா இருக்கணும், முழுசா வந்து முடிஞ்சிருக்கணும். என் ரூம்மேட்டுக்கு ரெண்டுமே இல்ல.

நான் இந்தத் தடவை கண் வெச்சிருக்கறது சைபர்பங்க் கேமோட எக்ஸ்பான்ஷன் 'ஃபேன்டம் லிபர்ட்டி'. என்கிட்ட இருக்கறது பிஎஸ்4, அப்புறம் படிப்பு முடிச்சுப் போன பையன்கிட்ட வாங்கின பழைய பிசி. எதுல போடறது?

காட்பாடி மாடி ரூம்

பிஎஸ்4ல அது வரவே இல்ல ப்ரோ. பிசியில எஸ்எஸ்டி, அதான் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிரைவ், இருக்கா? 2023 செப்டம்பர்ல அந்த எக்ஸ்பான்ஷன் வந்தப்போ பழைய ஹார்ட் டிஸ்க் ஆதரவை நிறுத்திட்டாங்க. முதல்ல எஸ்எஸ்டி வாங்குங்க, மத்ததெல்லாம் பிறகு.

சத்துவாச்சாரி பார்லர்

ஆம்பூர் தம்பி, அந்த அமெரிக்க டிஸ்க் இன்னும் உன்கிட்ட கீதா? நம்ம அக்காப் பையன்கிட்ட அமெரிக்க ஐடி இருக்கு, பாஸ் அதுல வாங்கிக்குவான். விக்கறதா இருந்தா விலை சொல்லு.

ஆம்பூர் பிஎஸ்4

இருக்குண்ணா. பெட்டி மட்டும் ஓரத்துல உடைஞ்சிருக்கு. தம்பியைக் கேட்டுட்டுச் சொல்றேன், இப்ப அவன்தான் ஓனர்.