மறு: வாரண்ட் ஆபீசர் – 'ஆணை அலுவலர்' சரிப்படாது

அண்ணா, வணக்கம்.

விமானப்படைப் பதவிப் பெயர்களுக்கு நீங்கள் போட்ட தமிழ்ப் பட்டியல் பார்த்தேன். கார்ப்பரல், சார்ஜென்ட் இரண்டையும் அப்படியே விட்டது நல்லது. அதையெல்லாம் தமிழாக்குகிறேன் என்று கிளம்பினால் யாருக்கும் புரியாது. பெரிதாக இடிப்பது ஒரே இடத்தில்தான்: சார்ஜென்டுக்கு மேலே, கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்குக் கீழே இருக்கும் வாரண்ட் ஆபீசர். நீங்கள் கேட்டது இது:

> பிடிவாரண்டைப் பிடியாணை என்கிறோம். அப்போ வாரண்ட் ஆபீசர் 'ஆணை அலுவலர்'தானே?

அதிகாரியாக நியமிக்கிற கமிஷனும் ஆணைதானுங்க அண்ணா. குடியரசுத் தலைவர் தருகிற அந்த ஆணையை வாங்கினவர்தான் ஃப்ளையிங் ஆபீசரும் அதற்கு மேலே இருப்பவர்களும். வாரண்ட் ஆபீசருக்கும் அதே சொல்லைக் கொடுத்தால் எங்கே சிக்குகிறது பாருங்கள். வாரண்ட் ஆபீசர்களில் மேல்படியான மாஸ்டர் வாரண்ட் ஆபீசர்கள் சிலருக்குப் பணிக்கால முடிவில், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, கௌரவ ஃப்ளையிங் ஆபீசர், கௌரவ ஃப்ளைட் லெப்டினன்ட் என்று கௌரவ கமிஷன் கிடைக்கும். உங்கள் சொல்லில் எழுதினால், 'முதுநிலை ஆணை அலுவலருக்குக் கௌரவ ஆணை வழங்கப்பட்டது' என்று வரும். ஆணை ஏற்கெனவே கையில் இருக்கிறதே, மறுபடி எதுக்கு என்று படிக்கிறவர் கேட்பாரா மாட்டாரா?

அப்புறம், இந்தப் பதவி ஊருக்கு ஊர் ஒரே படியில் இல்லை. நம்மிடம் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்று மூன்று படி. தரைப்படையின் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜருக்குச் சமம். பிரிட்டனில் வாரண்ட் ஆபீசர்தான் கமிஷன் இல்லாதவர்களில் உச்சம். அமெரிக்க விமானப்படையோ 1959இல் இந்த நியமனத்தையே நிறுத்திவிட்டு, 2024இல்தான் கணினிப் பாதுகாப்பு வேலைக்கென்று திரும்பக் கொண்டுவந்தது. அங்கே படைவீரர் வரிசையின் மேல்படி சீஃப் மாஸ்டர் சார்ஜென்ட். பட்டியலில் அவரையும் நம் மாஸ்டர் வாரண்ட் ஆபீசரையும் ஒரே 'முதுநிலை'க்குள் போட்டிருக்கிறீர்கள். அதைப் பிரித்துவிடுங்கள்.

எங்கப்பா பீளமேட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். மேஸ்திரிக்குத் தனி அறை கிடையாது, நாற்காலி கிடையாது. ஆனால் நூல் நூற்கிற ரிங் பிரேம் எந்திரம் நின்றால் எஞ்சினியரே அவர் முகத்தைத்தான் பார்ப்பார் என்று சொல்வார். வாரண்ட் ஆபீசர் என்றதும் எனக்கு அந்த மேஸ்திரிதான் நினைவுக்கு வருகிறார். அதற்காக 'விமான மேஸ்திரி' என்று போட முடியாது, கொத்தனார் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் யோசனை 'பட்டய அலுவலர்'. உரிமையும் பொறுப்பும் எழுதித் தந்த செப்புப் பட்டயங்கள் கொங்கு நாட்டில் கொஞ்சமா இருக்கின்றன? பட்டயக் கணக்காளர் என்று இன்றைக்கும் எழுதுகிறோம். மாஸ்டருக்குத் 'தலைமைப் பட்டய அலுவலர்'. ஜூனியருக்கு 'இளநிலை' வேண்டாம். நரை விழுந்த பிறகுதான் அந்தப் படிக்கே வருகிறார்கள். 'துணை' போதும்.

அடுத்தது செவ்ரான், அதாவது பதவியைக் காட்ட சட்டைக் கையில் தைக்கிற V வடிவப் பட்டை. சூலூரில் விமானப்படையின் விமானம் பழுது பார்க்கும் டிப்போவே இருப்பதால் சீருடை தைக்கிற கடைக்குப் பஞ்சமில்லை. போன வாரம் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். டெய்லர் சட்டைக் கையை மேசையில் பரப்பி, சாக்பீஸால் நடுக்கோடு போட்டு, கூர் கீழே வருகிற மாதிரி மூன்று பட்டையையும் வைத்து ஊசி குத்தினார். 'ரெண்டு பட்டைன்னா கார்ப்பரல், மூணு பட்டைன்னா சார்ஜெண்டுங்க' என்றார். நாம் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்? 'கூர்ப்பட்டை' என்று வைத்துவிடலாம். குழுவில் ஒருவர் சொன்ன 'கவட்டைப்பட்டை' வடிவத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் நம் ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா அதை! அமெரிக்க சீஃப் மாஸ்டர் சார்ஜென்டுக்கு நடுவில் நட்சத்திரம், கீழே ஐந்து பட்டை, மேலே மூன்று. அங்கேயும் இந்தச் சொல் உட்காரும்.

*

தம்பி,

கௌரவ ஆணை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. 'ஆணை அலுவலர்' போகட்டும். கூர்ப்பட்டையும் சரி. ஆனால் பட்டயம் என்றால் பாலிடெக்னிக் டிப்ளமாதானே நம் பிள்ளைகளுக்கு? 'பட்டய அலுவலர்' என்றால் டிப்ளமா முடித்துச் சேர்ந்தவர் என்று நினைப்பார்கள். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'வாரண்ட் ஆபீசர்' என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் ஒப்புக்கொள்கிறேன். தலைமைக் காவலர் என்று அரசு எழுதினாலும் ஊர் 'ஏட்டையா' என்றுதானே கூப்பிடுகிறது. 'துணை' மட்டும் இடிக்கிறது, இன்னொருவருக்குக் கீழே உதவியாள் என்பது போல. வேறு யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.