16 வயதுப் பிள்ளைக்குத் தை மாதம் தாலி: எப்படி நிறுத்துவது?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். 16 வயதுப் பிள்ளைக்கு வாற தை மாதம் கலியாணம் முற்றாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு 29. சொந்த ஊரான முல்லைத்தீவில், கோயிலில் தாலி கட்டுவார்களாம். 18 ஆனபிறகு பதிவாம்.

தாயோடு மூன்று தரம் கதைத்தேன். 2007இல் வன்னியில், புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அவவுக்கும் 17 வயதில்தான் கட்டி வைத்தார்கள். "நான் உயிரோட இருக்கிறதே அதாலதான்" என்கிறா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. தகப்பன் இல்லாத வீடு, பிள்ளைக்குக் காவல் வேணும் என்பது இப்போதைய பயம்.

1995 முதல் சட்டப்படி கலியாண வயது 18 என்று சொன்னேன். "பதிஞ்சால்தானே சட்டம்" என்றார் தாய்மாமன். ஓர் அலுவலகத்தில் கேட்டேன். பதிவுக்கு வந்தால் பார்ப்போம் என்றார்கள்.

பிள்ளைக்கு உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க ஆசை. என்னிடம் வந்து அழுதாள். ஆனால் சிறுவர் இல்லத்தில் விட்டுவிடுவார்களோ என்று பயந்து, முறைப்பாடு வேண்டாம் என்கிறாள்.

1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கோ, பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ அறிவித்து, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காமல் இப்படியொரு கலியாணத்தை நிறுத்திய அனுபவம் யாருக்காவது உண்டா?