1972 பாரிஸ் கச்சேரியில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நடுவே ஒலிக்கும் ஹார்ப்: நிஜமாகவே இடைக்காலக் கருவியா?

இரவு_ரேடியோ:
அறுபது, எழுபதுகளின் சைக்கடெலிக் ராக்கை, அதாவது மயக்க நிலையை ஒலியில் கொண்டுவரப் பார்த்த ராக் இசையைத் தோண்டிக்கொண்டே போய், போன வாரம் ஆலன் ஸ்டிவெல் என்ற பிரெட்டன்காரரிடம் (பிரான்ஸின் வடமேற்கே இருக்கும் பிரெட்டானிப் பகுதிக்காரர்) வந்து நிற்கிறேன். 1971 இசைத்தட்டு ஒன்று. கடல் அலைச் சத்தத்தில் தொடங்குகிறது, அப்புறம் ஹார்ப். ஆனால் சினிமாவில் கனவுக் காட்சிக்கு வாசிப்பார்களே, அந்த ஹார்ப் இல்லை. வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டிவிட்டுக் காதருகே பிடித்த மாதிரி, சத்தம் அடங்கவே மாட்டேன் என்கிறது. அடுத்து அவருடைய ஒலிம்பியா அரங்கக் கச்சேரியைப் போட்டால் டிரம்ஸ், ஆர்கன், எலெக்ட்ரிக் கிட்டார் என்று ஒரு முழு ராக் குழுவே கூட நிற்கிறது. இது உண்மையிலேயே பழைய கருவியா, இல்லை அந்தக் காலத்து ஹிப்பி அலங்காரமா? ஸ்காட்லாந்துப் பாடகர் டானவனின் பாட்டுத் தலைப்பில் ஹர்டி கர்டி (சக்கரத்தைச் சுழற்றி வாசிக்கும் கம்பிக் கருவி) இருக்கிறதே என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, உள்ளே ஹர்டி கர்டியே கிடையாது, நம்ம தம்புராதான் இருக்கிறது என்று தெரிந்து ஏமாந்தவன் நான். அதனால்தான் கேட்கிறேன்.

மரத்தூள்:
அலங்காரம் இல்லை. பிரெட்டானியில் ஹார்ப் இடைக்காலத்தோடு வழக்கொழிந்துபோனது. ஆலனின் அப்பா ஜோர்ட் கோஷ்வெலூ பாரிஸில் அரசு வேலை பார்த்தவர், மரவேலையில் கை தேர்ந்தவர். அவர்தான் வரைந்து, இழைத்து, 1953-இல் ஒரு ஹார்ப்பைச் செய்து முடித்தார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. டெனிஸ் மெஜவாங் என்ற கச்சேரி ஹார்ப் கலைஞர் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

நீங்கள் சொல்லும் கிண்ணச் சத்தம் கம்பியால் வருவது. முதல் ஹார்ப்புக்கு நைலான்தான். பழைய அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஹார்ப்புகளிலோ உலோகக் கம்பி, அதை நகத்தால் மீட்டுவார்கள். 1960களில் அந்த வழியில் வெண்கலக் கம்பிக்குப் போனார்கள். இதில் மீட்டுவது பெரிய விஷயமே இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்தால் இரண்டும் கலந்து கூழாகிவிடும், அதனால் ஒரு விரல் மீட்டும்போதே இன்னொரு விரல் முந்தைய கம்பியைத் தொட்டு அடக்க வேண்டும். எதை அடக்குவது, எதை ஓடவிடுவது என்பதில்தான் வாசிப்பவரின் கை தெரியும். ஸ்டிவெல் நிறையவே ஓடவிடுவார். எக்கோ போட்ட மாதிரி உங்களுக்குக் கேட்பதில் பாதி அதுதான்.

கடலோரன்:
குறுக்கே ஒரு கேள்வி அண்ணா, இது நம் யாழ் வகையா?

மரத்தூள்:
தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. யாழ் வில் மாதிரி வளைந்தது, முன்பக்கம் திறந்திருக்கும். இதில் முன்னால் ஒரு தூண் இருக்கிறது, மூன்று பக்கமும் மூடிய முக்கோணம். கம்பிகளின் இழுவையை அந்தத் தூண் தாங்குவதால்தான் உலோகக் கம்பியை முறுக்கேற்றிக் கட்ட முடிகிறது.

சந்தேகராமன்:
மரத்தூள் சொன்னது சரி, ஆனால் ‘இடைக்காலக் கருவி’ என்று ஒரே அடியாக முத்திரை குத்திவிடாதீர்கள். பழைய பிரெட்டன் ஹார்ப் எப்படி ஒலித்தது என்று கேட்டவர் யாரும் உயிரோடு இல்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வைத்திருக்கும் ஹார்ப் மாதிரி அக்கம்பக்கத்து நாடுகளில் மிஞ்சியவற்றைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. பாதி மீட்பு, பாதி கற்பனை. எனக்கு அதில் புகார் இல்லை, அவரே அருங்காட்சியகத்துக்காக வாசிக்கவில்லையே!

ஒலிம்பியாவை வெறும் சைக்கடெலிக் கச்சேரியாகவும் கேட்காதீர்கள். 1972 பிப்ரவரி 28. பள்ளிக்கூடத்தில் பிரெட்டன் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஏதாவது ஒன்றைத் தொங்கவிட்டு அவமானப்படுத்திய நாடு அது. அப்படி வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பாரிஸின் நட்ட நடுவில், அதே மொழியில் பாட்டைக் கேட்டுக் கத்துகிறார்கள். ஐரோப்பா 1 வானொலி நேரடியாக ஒலிபரப்பியது, இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. அதில் ‘பாப் பிளின்’ என்று ஒரு உருப்படி வரும், கேட்டுப்பாருங்கள். பிளின் என்பது மத்திய பிரெட்டானிக் கிராமத்து நடனம், ஒரே சிறு மெட்டு திரும்பத் திரும்பச் சுழலும். அதை அப்படியே டான் அர் பிராஸின் எலெக்ட்ரிக் கிட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். சுழற்சிக்கும் மயக்கத்துக்கும் அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, ஊர்த் திருவிழாவிலேயே இருந்தது. கூட வாசித்த கப்ரியேல் யாகூப் பிறகு மாலிகோர்ன் என்ற பிரெஞ்சு நாட்டார் இசைக் குழுவைத் தொடங்கினார், அதையும் தேடுங்கள்.

இரவு_ரேடியோ:
நன்றி சார், நன்றி மரத்தூள். 1971 தட்டின் கடைசியில் ஏறக்குறைய 19 நிமிடத்துக்கு ஒரு நீளத் தொகுப்பு இருக்கிறதே, நேற்று இரவு ஹெட்ஃபோன் போட்டு அதைக் கேட்டேன். முன்பு ஒரே ரீங்காரமாகத் தெரிந்தது, இப்போது எந்தக் கம்பியை அடக்கினார், எதை விட்டார் என்றுதான் காது போகிறது. பாட்டை ரசிக்க முடியாமல் பண்ணிவிட்டீர்களே ஐயா. மாலிகோர்னில் எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

சந்தேகராமன்:
முதல் ஆல்பத்திலிருந்தே ஆரம்பியுங்கள். அதில் ஹர்டி கர்டி நிஜமாகவே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.