யோசனை எல்லோரிடமும் கேட்கலாம், முடிவு யாருடையது?

மாறன்:
வடிவமைப்பு டிசைன் பிரிவின் வேலை மட்டும்தான் என்பவர்கள் பிரிட்டனில் விமானக் கருவிகள் செய்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனியின் கதையைப் பார்க்க வேண்டும். 1970களில் ஆட்குறைப்பு பயம் வந்தபோது, பல ஆலைகளின் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஒன்றுசேர்ந்தார்கள். ‘எங்கள் இயந்திரங்களை வைத்து மக்களுக்குப் பயன்படும் எதைச் செய்யலாம்?’ என்று முதலில் வெளி நிபுணர்களுக்குக் கடிதம் போட்டார்கள். பதில் எழுதியவர்கள் மிகச் சிலர். அப்புறம் அதே கேள்வியைத் தங்கள் ஆட்களிடமே கேட்டார்கள். வந்தது சுமார் 150 யோசனைகள்! வெளியிலிருக்கும் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வண்டி, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ். இதெல்லாம் 1976இல்.

சுபா:
யோசனை வந்தது, பொருள் சந்தைக்கு வந்ததா? நிர்வாகம் ஏற்கவில்லையே. நான் டிசைன் பிரிவில்தான் இருக்கிறேன். யோசனை சொல்வது எளிது. அது உடைந்தால் யார் பொறுப்பு, எந்த விலைக்கு விற்கும் என்று கணக்குப் போடுவதுதான் கடினம்.

மாறன்:
கணக்கும் போட்டார்கள், மேடம். அந்த யோசனைகளைச் சேர்த்து எழுதிய திட்டம் ஆறு தொகுதிகள். முன்னின்றவர்களில் ஒருவரான மைக் கூலியே டிசைன் இன்ஜினியர். எதைத் தயாரிப்பது என்று தொழிலாளி பேசுவதை நிர்வாகம் விரும்பவில்லை, அவ்வளவுதான். 1981இல் அவரை வேலையை விட்டே நீக்கினார்கள்.

ரஹீம்:
நிர்வாகம் ஒத்துழைத்த இடத்தையும் பாருங்கள். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை, 1984இல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய ஆட்கள், அதே சங்கம். குறை தெரிந்தால் கயிற்றை இழுத்து தயாரிப்பு லைனையே நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வந்தது. தரம் உயர்ந்தது. எல்லோரும் அந்தக் கயிற்றைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பந்தத்தில் இருந்த வேலைப் பாதுகாப்பு. 1988இல் விற்பனை சரிந்தபோதும் ஆட்களை அனுப்பாமல் பயிற்சி கொடுத்தார்கள்.

சுபா:
ரஹீம், உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே முதலில் செய்த ஷெவர்லே நோவா கார், ஜப்பானில் வடிவமைத்த டொயோட்டா கொரோலாவின் மறுவடிவம். தொழிலாளர்கள் திருத்தியது வேலை செய்யும் முறையை, காரை அல்ல.

மாறன்:
அந்தக் கோடு அவ்வளவு தெளிவா? ஸ்பேனர் நுழையாத இடத்தில் போல்ட் வைத்திருந்தால் அது வேலைமுறைக் குறையா, டிசைன் குறையா? வரைபடத்தில் தெரியாதது மாட்டுகிறவர் கைக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

சுபா:
சரி, மாதிரிப் பொருள் செய்யும்போதே லைன் ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்பதை ஏற்கிறேன். வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கே கடைசி முடிவு என்பதை விடமாட்டேன்.

மாறன்:
கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும். யோசனையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடமை இல்லாவிட்டால் இரண்டாவது முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ரஹீம்:
அதற்கும் முன்னால் ஒன்று. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்யலாம் என்று ஒருவர் வழி சொன்னால், அந்த மூன்றாவது ஆள் எங்கே போவார்? இதற்குப் பதில் ஒப்பந்தத்தில் இல்லாத கம்பெனியில், என் சங்கத்துக்காரர்களை யோசனை சொல்லச் சொல்லமாட்டேன்.