18 வயதுப் பையனுக்கு வாரம் 40 நிமிடம் போதும் என்பது யார் போட்ட கணக்கு?

கேஆர்பி மதகு (கிருஷ்ணகிரி)

பஸ்ஸர்பீட்டர் நாம் இணையத்தில் கூடைப்பந்து அணி எடுத்து, ஆட்டக்காரர்களை வாங்கி, பயிற்சி கொடுத்து நடத்தும் விளையாட்டு. அதில் தொப்பூர்க்காரன் அண்ணன் புதியவர் ஒருவருக்குச் சொன்ன யோசனையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "பஸ்ஸர்பீட்டரில் 18 வயதுப் பையனுக்கு வாரம் 40 நிமிடம் கிடைத்தால் போதும், 48 என்று உயிரை விடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். கேட்டவர் இப்போதுதான் அணி எடுத்தவர். இதை நம்பினால் அவருக்கு ஒரு சீசன் வீண்.

வாரத்துக்கு மூன்று ஆட்டம். ஆட்டத்துக்கு 48 நிமிடம். ஆடுகளத்தில் ஓர் ஆட்டக்காரன் நிற்கும் இடத்துக்கு மொத்தம் 144 நிமிடம். அந்த இடத்தில் வாரத்தில் 48 நிமிடம் நின்றவனுக்குத்தான் வெள்ளிக்கிழமை கணக்கில் ஏறும் வாரப் பயிற்சி முழுதாகச் சேரும். ஆகவே ஓர் இடத்தில் மூன்று பையன்கள், அவ்வளவுதான். இதில் 40 எங்கிருந்து வந்தது?

தொப்பூர்க்காரன் (தர்மபுரி)

ஒலிம்பிக்கில் கூடைப்பந்து எத்தனை நிமிடம்? நான்கு பகுதி, பகுதிக்கு 10, மொத்தம் 40. 48 என்பது அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ கணக்கு. நான் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் தம்பி. வளரும் பையனை ஒரு நிமிடம்கூட உட்கார வைக்காமல் ஓடவிடுபவன் பயிற்சியாளனே இல்லை. நீங்கள் திரையில் மட்டுமே பந்தைப் பார்த்தவர்.

கேஆர்பி மதகு

நாம் ஆடுவது திரையில்தான் அண்ணா. இந்த விளையாட்டில் பகுதிக்கு 12 நிமிடம், மொத்தம் 48. ஒலிம்பிக் 40 நிமிடம் என்பதால் இங்கே 8 நிமிடத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்களா? 40 நிமிடம் ஆடினால் அந்த அளவுக்குத்தான் பயிற்சி. அந்தக் குறை ஒரு வாரத்தில் தெரியாது. சீசன் முடிவில், நம் பையனோடு அதே வாரம் டிராஃப்டில் (புதுப் பையன்களை அணிகளுக்குப் பங்கிடும் தேர்வில்) வந்த வேறொருவன் பாஸிங்கில் ஒரு படி மேலே நிற்பான். அப்போது தெரியும். வயது ஏற ஏறப் பயிற்சி மெதுவாகும். 18இல் விட்டதை 22இல் பிடிக்க முடியாது.

அரூர் வாசகன்

ஒரு சந்தேகம். ஒருவர் ஓர் ஆட்டத்தின் நேரத்தைச் சொல்கிறீர்கள், மற்றவர் வாரத்தின் மொத்தத்தைச் சொல்கிறீர்கள். "போதும்" என்றால் முழுப் பயிற்சிக்குப் போதுமா, ஓரளவு வளரப் போதுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பாலக்கோடு தக்காளி

தொப்பூர் அண்ணன் சொல்வதுதான் சரி. 144ஐ நான்காகப் பங்கிட்டால் ஆளுக்கு 36. மூவருக்கு முழுச் சாப்பாடு போட்டு நான்காமவனைப் பட்டினி போடுவது என்ன நியாயம்? மதகுக்கு எப்போதும் தன் கணக்கு மட்டும்தான் கணக்கு. போன சீசனில் நான் ஆசைப்பட்டு ஏலம் கேட்ட 19 வயது சென்டரை (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவனை) கடைசி நேரத்தில் விலை ஏற்றிக் கொண்டுபோனவர் இவர். அவனை இப்போது விற்பனைப் பட்டியலில் பார்க்கிறேன். 48 நிமிடம் கொடுத்து வளர்த்த லட்சணம் இதுதானா?

கேஆர்பி மதகு

ஏலத்தில் பணம் வைத்திருப்பவன் கேட்பான். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? நால்வருக்கு 36 கொடுத்தால் அரைகுறையாக நால்வர் கிடைப்பார்கள். அவர்கள் நால்வருக்கும் வாரச் சம்பளம் போகும்.

ஓசூர் இரவு ஷிப்ட்

நான் மதகு பக்கம். ஆனால் 48 என்று எழுதுவது சுலபம், வாங்குவது கஷ்டம். அணி அமைக்கும் பக்கத்தில் பையன் பெயரைத் தொடக்க ஆட்டக்காரன், மாற்று, அதற்கடுத்த மாற்று என மூன்று கட்டத்திலும் போட்டேன். ஃபவுல் நிறைந்து வெளியே உட்கார்ந்துவிட்டான். வாரக் கடைசியில் பார்த்தால் 41 நிமிடம். மீதியை அடுத்த ஆட்டத்தில் நிரப்பலாம் என்றால், அந்த நேரத்தில் நான் ஆலையில் மெஷின் முன்னால் நின்றேன்.

தொப்பூர்க்காரன்

பார்த்தீர்களா! உங்கள் ஆளே 41 என்கிறார். 40க்கும் 41க்கும் என்ன தூரம்? இவர்கள் ஊர் வழக்கமே இதுதான். காயைக் கல் வைத்துப் பழுக்க வைத்துவிட்டு மல்கோவா என்று விற்பதைப்போல, 18 வயதுப் பையனை அவசரப்படுத்துகிறார்கள்.

கேஆர்பி மதகு

கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். கார்பைட் கல் வைப்பது சட்டப்படி குற்றம். அதை யாரோ எங்கோ செய்தால் மாவட்டமே செய்ததாகிவிடுமா? ஆண்டுதோறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி எங்கே நடக்கிறது? எங்கள் தோப்பில் காய் முற்றிய பிறகுதான் தொரட்டியே மரத்தில் ஏறும்.

தொப்பூர்க்காரன்

2004 வரை நீங்களும் தர்மபுரி மாவட்டம்தான். அதியமான் ஆண்ட தகடூரில் இருந்து பிரிந்து போனவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பாலக்கோடு தக்காளி

நெற்றியடி!

கேஆர்பி மதகு

தர்மபுரியே 1965இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். அந்தக் கணக்குப்படி நாம் இருவரும் சேலத்துக்காரர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்டராக வளர்க்க என்னிடம் 208 செ.மீ. உயரத்தில் ஒரு பையன் இருக்கிறான். வயது 18. அவனை இப்போது பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து பங்கிடுபவன் இடத்தில் நிறுத்திப் பாஸிங்கும் பந்தைக் கையாளுவதும் பழக்குகிறேன். சென்டருக்குச் சம்பளத்தை ஏற்றுவது உள்வட்டத் திறன்கள், அதாவது கூடைக்கு அருகே ஆடும் திறன்கள். அவற்றை முதலில் வளர்த்தால் பையன் தேறுவதற்குள் சம்பளம் கழுத்தை நெரிக்கும். அதனால் வெளித் திறன் முதலில், ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) உள் தடுப்பும் பிறகு. உயரமானவனுக்கு வெளித் திறன் மெதுவாகத்தான் ஏறும். அப்படி மெதுவாக ஏறுபவனிடம் போய் 8 நிமிடத்தைப் பிடுங்கச் சொல்கிறார் அண்ணன்!

அரூர் வாசகன்

சென்டரைப் பாயிண்ட் கார்டாக நிறுத்தினால் லீக் ஆட்டம் தோற்காதா? புதியவருக்கு அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

கேஆர்பி மதகு

தோற்கும். நான் தோற்றிருக்கிறேன். அதற்கு வருத்தப்படவில்லை. 21 வயதுக்குட்பட்டோர் தேசிய அணிக்கு ஒரு பையனை அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு ஆட்டம் போனால் போகட்டும். வாரம் 48 கிடைக்க வேண்டும். அதில் பேரம் கிடையாது.

தொப்பூர்க்காரன்

தோற்றுக்கொண்டே வீரனை வளர்ப்பது என்ன பெருமை? ஜெயிக்கிற அணியில் 40 நிமிடம் ஆடுபவன் கற்றுக்கொள்வதைத் தோற்கிற அணியில் 48 நிமிடம் ஆடுபவன் கற்க மாட்டான் தம்பி. மைதானத்தில் கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

கேஆர்பி மதகு

இந்த விளையாட்டில் ஜெயித்த அணிக்குக் கூடுதல் பயிற்சி என்று எங்கே எழுதியிருக்கிறது? நிமிடம், இடம், வயது, உயரம், பயிற்சியாளரின் தரம் என்றுதான் கணக்கு ஓடுகிறது. விசிலுக்கு அதில் இடமில்லை. இன்னொன்று, என்னைத் தம்பி என்று அழைப்பதை நிறுத்துங்கள். என் மகனே கல்லூரிக்குப் போகிறான்.

தொப்பூர்க்காரன்

நீங்கள் என்னை அண்ணா என்றால் நான் தம்பி என்பேன். அதுதான் மரியாதை. மகன் கல்லூரிக்குப் போனால் 40 என்பது 48 ஆகிவிடாது.

ஓசூர் இரவு ஷிப்ட்

என் 41க்கு யாரும் வழி சொல்லவில்லையே?

கேஆர்பி மதகு

முதல் இரண்டு ஆட்டத்திலேயே 48ஐ முடித்துவிடுங்கள், மூன்றாவதைக் காப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூர் அண்ணனுக்கு ஒரே கேள்வி. வாரம் 40 நிமிடம் ஆடியவனுக்கு முழுப் பயிற்சி சேருமா, சேராதா? ஒலிம்பிக், அதியமான் எதுவும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

தொப்பூர்க்காரன்

போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

கேஆர்பி மதகு

சேருமா, சேராதா?

பாலக்கோடு தக்காளி

அந்தச் சென்டரை எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு அண்ணன் பதில் சொல்வார்.